மற்றும் குடும்பத்தினர்

மலர்விழி இன்னும் பட்டியலில் இருக்கிறாள். ஆள் வீட்டில் இல்லை. "கீழ விளக்குத்திரி கேட்டாங்க, குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், திரி கொடுக்கப் போகிற ஒருத்தி அரக்குப் பட்டும் ஆரமும் போட்டுக்கொண்டா போவாள், நான் கேட்கவில்லை, கேட்டால் என் மனைவி பதில் வைத்திருப்பாள், அதனால் கேட்கவில்லை. போய் ரொம்ப நேரமாகிவிட்டது. ஆனாலும் என் கையிலிருக்கும் போனில், மாடிப் பெட்டியின் பட்டியலில், அவளுடைய போன் பச்சைப் புள்ளியோடு அப்படியே நிற்கிறது, அடுப்படியில்தான் எதையோ உருட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதுபோல. அது அப்படித்தான். வீடெங்கும் வைஃபை தருகிற இந்த ரவுட்டர் பெட்டிக்கு ஒரு போன் கிளம்பிப் போனது உடனே உறைக்காது. சொல்லிக்கொள்ளாமல் நழுவிய போனை, வந்துவிடும் வந்துவிடும் என்று கொஞ்ச நேரம் பெயரோடு வைத்துக்கொண்டிருக்கும், பிறகுதான் மனசில்லாமல் எடுக்கும். இதோ எடுத்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி சாம்பலாகிப் பெயர் போய்விட்டது. கீழ்வீட்டுப் பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்டிருப்பாள். முதலில் போனது மகள் இளவேனில், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், காலையில் பல் விளக்கினாளோ என்னவோ. அடுத்தது அவள் தம்பி பரிதி, கேசரி வாசம் மாடியேறிய மறுநிமிடம். இப்போது இவள். மாடி வீட்டுப் பட்டியலில் மிச்சம் இருப்பது நான், அப்புறம் அணைத்து வைத்த டிவி. இந்த வீட்டில் கோபித்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்பது இப்போது எழுத்துபூர்வமாகவே வந்துவிட்டது. கோபத்துக்கு ஒரு துணை வேண்டாமா, அந்த டிவியையாவது போட்டுக்கொண்டு உட்காரலாம், ஆனால் சத்தம் கீழே கேட்டால், பார், அண்ணன் ஜாலியாக டிவி பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள், கோபித்துக்கொண்டிருப்பவன் எப்படி டிவி பார்ப்பான், பார்க்கக் கூடாது.

சாதாரணக் கோபம் இல்லை இது, தாய்மாமன் கோபம். கீழ்வீட்டில் இன்று என் தங்கச்சி பாண்டீஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து. நிறைமதி. மூன்று வயது முடிந்து, கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும், என்னைக் கண்டால் "மாமா தூக்கு" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும், தூக்கினால் மீசையைப் பிடித்து இழுக்கும். எங்கள் போடியில் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தினாலும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அப்பன் ஊரில் இல்லாமல்கூட நடத்திவிடலாம், மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். அந்த மடி இங்கே நாற்காலியில் சும்மா கிடக்கிறது. பட்டுக்கரை வேட்டி, நேற்றே இஸ்திரி போட்டு வாங்கியது. எதிரே தரையில் சீர்த் தட்டுகள், கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டி வரிசையாக இருக்கின்றன, ஒன்றில் தோடு, ஒன்றில் பாவாடை சட்டை, வளையல், லட்டு, ஆப்பிள், கடைசித் தட்டில் ஏலக்காய் மாலை, போடியில் பிறந்தவன் சீரில் ஏலக்காய் மாலை இல்லாமலா, நல்ல பச்சைக் காயாகப் பார்த்து நானே கட்டச் சொன்னது. கோபித்துக்கொண்டவன் சீர் எதற்கு வாங்கினான் என்று யாரும் கேட்கக் கூடாது. கோபம் வேறு, சீர் வேறு. குழந்தை என்ன செய்தது. நேற்று சாயங்காலம் யாரும் இல்லாதபோது தலையணையை மடியில் வைத்து, எப்படி இறுக்கிப் பிடித்தால் திமிறாது என்று பார்த்தேன், இடது கையால் இரண்டு கையையும் சேர்த்து, வலது கையால் நெற்றியை. தலையணை திமிறவே இல்லை. பிள்ளை திமிறும். அழும். அது அழுதால் நானும் அழுவேன், அது வேறு, பத்துப் பேர் முன்னால், வீடியோக்காரன் முன்னால்.

எல்லாம் அந்தப் பத்திரிகையால். ஈஸ்வரி முறையாகத்தான் வந்தாள், வெற்றிலை பாக்குத் தட்டோடு, மாப்பிள்ளை ஜெயக்கொடியையும் கூட்டிக்கொண்டு, மாடி ஏறி, "அண்ணே, மதினி, நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவர்கள் இறங்கிப் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை மாப்பிள்ளை வீட்டு ஜனம். மாப்பிள்ளையின் அண்ணன், அவர் சம்சாரம், படிப்பு, உத்தியோகம், மஸ்கட், அவர் பிள்ளைகள், அக்காமார், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், இன்னும் பால்குடி மறக்காத ஒரு வாண்டுக்குக்கூட பெயர், பட்டப்பெயர் வேறு. அடியில், மூலையில், பூ டிசைனுக்கும் அச்சகத்தின் போன் நம்பருக்கும் நடுவில், தாய்மாமன் ம. இருளப்பன் மற்றும் குடும்பத்தினர். மற்றும். நான் என் பெயருக்காகச் சண்டை போடுகிறவன் இல்லை, என் பெயர்தான் இருக்கிறதே. மலர்விழி எங்கே. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டியவள் எங்கே. தூளி ஆட்டிக்கொண்டே வேதியியல் படித்தாளே இளவேனில், அவள் எங்கே. பிள்ளை முதன்முதலாக நாலடி நடந்து போய்ப் பிடித்துக்கொண்டது பரிதியின் முழங்காலை. மூன்று பேரையும் சேர்த்து மடித்து ஒரு மற்றும். பத்திரிகை அடிக்கப் போனது மாப்பிள்ளை, ஈஸ்வரி அச்சகத்துப் பக்கமே போகவில்லை, எனக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்ல மனுசன், ஏலக்காய்க் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், இடம் இல்லை என்று அச்சகத்துக்காரன் சொல்லியிருப்பான், இவர் தலையாட்டியிருப்பார், சொந்தத்தில் எதை வெட்டினால் வலிக்கும் என்று அச்சகத்துக்காரனுக்கு என்ன தெரியும். எல்லாம் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடுமா. கேட்கலாம்தான், ஏம்மா, உன் மதினி பேரைப் போடக்கூடாதா என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குகிற மரியாதை என்ன மரியாதை.

அதனால் கேபிளை மாற்றினேன். அதை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது, கோபத்தில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது, ஆனால் வருகிறது. இந்த வீட்டுக்கு நெட் ஒரே லைன், கீழ்வீட்டுக்குத்தான் வருகிறது, அங்கே தாய்ப் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிளை மேலே இழுத்து மாடியில் இன்னொரு பெட்டி வைத்தது நான். கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை எனக்கு, ஆனால் இந்த வீட்டில் நெட்டுக்கு நான்தான் கலெக்டர். மாடிப் பெட்டியை இரண்டு விதமாக வைக்கலாம். ஒரு விதத்தில் அது தாய்ப் பெட்டிக்கு நீட்டிய கை மாதிரி. தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாது, மாடியில் யார் வந்தாலும் அப்படியே கீழே அனுப்பிவிடும், தாய்ப் பெட்டியின் பட்டியலில் மாடி ஆட்கள், கீழ் ஆட்கள் எல்லோரும் ஒரே வரிசையில் பெயர் பெயராகத் தெரிவார்கள். அப்படித்தான் இருந்தது. இன்னொரு விதத்தில் மாடிப் பெட்டி தனிக்குடித்தனம். பின்னால் கேபிளைப் பிடுங்கி, தனியாக ஒதுங்கியிருக்கும் இன்னொரு பொந்தில் செருகி, ஒரு அமைப்பையும் மாற்றிவிட்டால் போதும், அது தன் ஆட்களுக்குத் தானே பட்டியல் போட்டுக்கொள்ளும். கீழே இருக்கிற பெட்டிக்கு மாடியில் நாலு பேர் இருக்கிறார்களா நாற்பது பேர் இருக்கிறார்களா தெரியாது. மாடி முழுக்க அதற்கு ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நான் வைத்தேன். தமிழ் எழுத்தை அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை, இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன், மற்றும் குடும்பத்தினர். அப்படியா போட்டீர்கள், அப்படியே பாருங்கள் என்று. ஈஸ்வரி தினமும் சாயங்காலம் அந்தப் பட்டியலைத் திறப்பாள், நிறைமதி பார்க்கிற டேப்லெட்டுக்கு மட்டும் நெட்டை நிறுத்திக் கார்ட்டூனை முடித்துவைக்க, அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். திறந்தால் கண்ணில் படாமல் போகாது. பட்டால் சுருக்கென்று தைக்கும். தைத்தால் மாடி ஏறி வருவாள். இதுதான் என் திட்டம். மலர்விழியிடம் சொன்னேன், அவள் கீரையை ஆய்ந்துகொண்டே தலையைத் தூக்காமல், "ஒங்க கோவத்தக் கொண்டுபோயி அந்த டப்பாக்குள்ள வச்சா யாருங்க பாக்கப்போறா? வாயில வைங்க, வாய் எதுக்கு இருக்கு" என்றாள். பெரிய திட்டங்கள் எப்போதும் முதலில் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஈஸ்வரி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். "சாப்டியாண்ணே" என்று படியடியில் நின்று கேட்டாள், நான் "ம்" என்றேன், வழக்கமாக "சாப்டேம்மா" என்பேன், வித்தியாசம் தெரியவில்லை அவளுக்கு. கொழுக்கட்டை நன்றாகத்தான் இருந்தது. ஆள் கோபித்துக்கொண்டதே தெரியாத வீட்டில் கோபித்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம்.

மைக்செட்டில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். டொக் டொக் என்று தட்டுகிறான். "தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்." எங்கிருந்தாலுமா. தலைக்கு மேலே இருக்கிறேனடா, பந்தல் கம்பால் குத்தினால் என் காலில் குத்தும். "தாய்மாமன் மற்றும் குடும்பத்தினர் சீர்வரிசையுடன்" என்று மறுபடியும் வேறு, அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் படிக்கிறான் அவன். எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தேனா, ஆமாம், எழுந்துவிட்டிருக்கிறேன், வேட்டி சுருங்கிவிட்டது. மேளக்காரர்கள் படிக்கட்டின் அடியில் நிற்கிறார்கள், சீர் இறங்கும்போது அடிக்க வேண்டுமென்று. ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள், யாரும் இறங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள், இப்போது நாதசுரக்காரர் இருமுகிற சத்தம் கேட்கிறது. நேரம் போகிறது. நல்ல நேரம் என்பது யாருக்காகவும் நிற்காது. எனக்குப் பயம் ஆசாரியைப் பற்றி இல்லை, சங்கிலியைப் பற்றி. எங்கள் சித்தப்பா மகன், ஈஸ்வரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், சின்னமனூரிலிருந்து வந்து காலையிலிருந்து பந்தலில் அவன் சத்தம்தான். முறைக்கு அவனும் மாமன். எங்கே மடி காலி என்று பார்த்துக்கொண்டே இருப்பான், கல்யாண வீட்டில் மாலை மாற்றும்போதுகூட போட்டோவில் நடுவில் நிற்பவன். நேரம் தப்பினால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள், சரி, சங்கிலி நீ உட்காரப்பா என்பார்கள். உட்கார்ந்துவிடுவான். அவனுடைய அந்த எலும்பு மடியில் என் பிள்ளை. அதற்கு உட்காரவே வசதியாக இருக்காது. அது "மாமா தூக்கு" என்று மாடியைப் பார்த்துக் கையைத் தூக்கும், அவன் கையை அமுக்கிப் பிடிப்பான், ஊசி போகும், அது என்றைக்கும் காதில் இருக்கும், அந்த ஓட்டை, பெரியவளாகி ஜிமிக்கி போடும்போதெல்லாம், அது என் மடியில் விழுந்த ஓட்டை இல்லை. அய்யோ. போய்விடட்டுமா. எத்தனை படி இருக்கும், ஓடினால் ஒரு மூச்சு. ஆனால் இவ்வளவு நாள் பிடித்த கோபத்தை யாரும் கேட்காமலே கொண்டுபோய்ப் போடுவதா, அப்புறம் இந்தக் கேபிள், இந்தப் பெயர், எல்லாம் எதற்கு.

அந்தக் கேபிள் இழுத்த நாள் ஞாபகம் வருகிறது. மழைத்தண்ணீர் போகிற பழைய குழாய் வழியாகத்தான் விட வேண்டும், வேறு வழி இல்லை, சுவரை உடைக்கக் கூடாதென்று மலர்விழி சொல்லிவிட்டாள். மேலிருந்து சணலில் ஒரு நட்டைக் கட்டி விட்டேன், பாதியில் சிக்கிக்கொண்டது. கீழே ஈஸ்வரி குழாய் வாயில் காதை வைத்துக்கொண்டு, வயிற்றில் நிறைமதி, ஏழாம் மாதம், உட்காரக்கூடாது என்று மாப்பிள்ளை கத்த, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆட்டுண்ணே, இன்னுங் கொஞ்சம் ஆட்டு, வருது வருது" என்றாள். குழாய்க்குள்ளிருந்து அவள் குரல் பக்கத்தில் நிற்பதுபோல வந்தது. நட்டு விழுந்தது. அவள் கேபிள் நுனியைச் சணலில் கட்டினாள், பத்தாது என்று தன் தலையில் கிடந்த ரப்பர் பேண்டையும் கழற்றிச் சுற்றினாள். நான் இழுத்தேன். "விடு" என்றால் விடுவாள், "பிடி" என்றால் பிடிப்பாள், சின்ன வயதில் கிணற்றில் வாளி இறக்கும்போதும் அப்படித்தான், நான் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் கைக்குத் தெரிந்துவிடும். மேலே வந்து சேர்ந்த நுனியில் அந்த நீல ரப்பர் பேண்டு இருந்தது. அதை அவிழ்க்கவே இல்லை நான். கோபத்தில் கேபிளைப் பிடுங்கி மாற்றிச் செருகினேனே, அப்போதும் இருந்தது, அதைப் பிடித்துத்தான் இழுத்தேன். இப்போதும் டிவிக்குப் பின்னால் அந்தப் பெட்டியில் இருக்கிறது. எனக்கு ஒன்று எப்போதும் வேடிக்கையாக இருக்கும், எந்தப் பெட்டியைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்வது பெட்டி இல்லை, போன்தான். பெட்டி கூப்பிடுகிறது, வந்தவர்களை எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் அதிகாரம். சில போன் இருக்கிறது, கீழ்ப் பெட்டியின் மேலேயே கொண்டுபோய் வைத்தாலும் மாடிப் பெட்டியின் நூலிழை சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், நெட் கிடைக்காமல் திணறும், ஆனாலும் விடாது. பிடிவாதம். என் போனே அந்த ரகம்தான். ஆளைப் பார்த்துத்தான் செய்து விற்கிறார்கள்போல.

கீழே என்ன சத்தம். பாத்திரம் விழுந்ததா. இல்லை, ஆட்கள் கத்துகிறார்கள். "நெட்டு போச்சு!" மாப்பிள்ளையின் குரல். "ஏய், லைவ் கட்டாயிருச்சு, மஸ்கட்ல அண்ணே லைன்ல இருந்தாரு!" "எனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்று அங்கங்கே. ஆகா. நெட் போய்விட்டது. நெட் போனால் இந்த வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், சங்கிலியையா. வரட்டும். இப்போது வருவார்கள். மடிக்கு ஆள் கிடைக்கலாம், நெட்டுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. மாப்பிள்ளை முதல் படியில் கால் வைப்பார், "மச்சான்" என்பார், நான் திரும்பிப் பார்க்கமாட்டேன், இரண்டாம் முறை கூப்பிட்டால் பார்ப்பேன். ஆனால் ஏன் போனது. லைன் அறுந்ததா. என் போனைப் பார்த்தேன், மாடியில் நெட் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. மாடிக்கு வருவதே கீழ்ப் பெட்டி வழியாகத்தான், அப்படியானால் லைனும் சரி, பெட்டியும் சரி. வைஃபை மட்டும் போயிருக்கிறது. கரண்டு இருக்கிறது, பெட்டி உயிரோடு இருக்கிறது, வைஃபை மட்டும் போகுமா. யாரோ அமைப்பில் கை வைத்திருக்கிறார்கள். கோபம் கோபமாக இருக்கட்டும், காரணம் தெரியாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, என் சுபாவம் அப்படி. அக்கம்பக்கத்தில் என்னென்ன வைஃபை தெரிகிறதென்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். வழக்கமாக நமது மாடி, கீழ்வீட்டின் பாண்டி இல்லம், எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், அவ்வளவுதான் இருக்கும். பாண்டி இல்லம் இல்லை. அது இருந்த இடத்தில் வேறு என்னவோ. புதிதாக நாலு வரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

இருளப்பன். மலர்விழி. இளவேனில். பரிதி. இங்கிலீஷ் எழுத்தில்தான், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொருவருக்கும் தனி வரி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னப் பூட்டு, விசிறி மாதிரி சிக்னல். கீழ்ப் பெட்டிக்கு நாலு பெயரில் கூப்பிடத் தெரியும். வீட்டாருக்கு என்று இரண்டு, வந்துபோகிற விருந்தாளிகளுக்கு என்று இரண்டு. அந்த நாலையும் எடுத்து, வீட்டின் பழைய பெயரையே தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் நாலு பேரையும் வைத்திருக்கிறாள் ஈஸ்வரி. பந்தலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் போனிலும், எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் போனிலும், தெருவில் போகிறவன் வருகிறவன் போனிலும் இந்த நிமிடம் இதுதான் தெரியும், மலர்விழி, இளவேனில், பரிதி. யாரும் மற்றும் இல்லை. ஒரு கணம், இதில் யார் இரண்டு பேரை விருந்தாளி வரிசையில் போட்டாளோ என்று ஒரு சின்ன முள் தலை நீட்டியது, அடச்சீ, நீ திருந்தமாட்டாயா இருளப்பா, என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, போன் கலங்கித் தெரிந்தது. பார்த்திருக்கிறாள். அன்றைக்கே பார்த்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பெயரைத் தொட்டேன். ரகசியச் சொல் கேட்டது. பழையதைத்தான் போட்டேன், நானே வைத்தது, நட்டும் சணலும் என்று. பிடித்துக்கொண்டது. மாடியிலிருந்து கழன்று கீழ்வீட்டில் சேர்ந்துவிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

படியில் தடதடவென்று சத்தம். மாப்பிள்ளை இல்லை, அவர் நடை இது இல்லை. ஈஸ்வரி. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, தலையில் பூ ஒரு பக்கமாகச் சரிய, கையில் போனோடு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மலர்விழியும் பிள்ளைகளும், இளவேனில் முகத்தைப் பார்த்தாலே யார் கைவரிசை என்று தெரிந்தது. "நீதானேண்ணே அது?" என்றாள் ஈஸ்வரி. "எது?" என்றேன். "பேர மாத்துனதும் எல்லாரும் போயிட்டாங்க, பட்டியலே காலியாக் கெடந்துச்சு. என் போனு, அப்பறம் ஒன் மற்றும் குடும்பத்தினர், வேற ஒன்னுமில்ல. பாத்துக்கிட்டே நின்னேன். இப்ப ஒன்னு வந்துச்சு, பேர் தெரியாத கருவின்னு. நீதான்னு தெரிஞ்சிருச்சு, ஓடியாந்தேன்." போன் புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும், பெட்டிக்கு அது யாரென்று தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மேலே என் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் கீழே அவள் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றேன். "நீ சொன்னியா? கேபிளத்தான மாத்துன? பத்திரிகை ஊரெல்லாம் குடுத்தாச்சு, அதத் திரும்ப வாங்கி அடிக்க முடியுமா. கார்டுல எடமில்லன்னு சொல்லிட்டாங்களாம் இவருகிட்ட. இதுல நாலு பேருக்கு எடமிருந்துச்சுண்ணே. நாலும் நீங்கதான்." "அப்ப உங்களுக்கு?" "எங்களுக்கு நெட்டு இல்ல" என்றாள், சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. மலர்விழி குனிந்து லட்டுத் தட்டைத் தூக்கினாள். "அழுதது போதும், தட்ட எடுங்க, அங்க சங்கிலிக் கொழுந்தன் சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு."

அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை. மேளம் பிடித்துக்கொண்டது, நாதசுரக்காரர் இருமலை மறந்தார், ஆளுக்கொரு தட்டு, ஏலக்காய் மாலை என் கையில், படி எப்போது முடிந்ததென்று தெரியவில்லை, பந்தலில் வெளிச்சமும் சந்தனமும் கேசரியும் ஒன்றாக முகத்தில் அடித்தன. "எந்திரிடா" என்றேன் சங்கிலியிடம், அன்பாகத்தான் சொன்னேன், எழுந்தான், போட்டோவுக்கு வசதியாகப் பக்கத்திலேயே நின்றுகொண்டான், நிற்கட்டும். உட்கார்ந்தேன். நிறைமதி கையைத் தூக்கினாள். தூக்கி வைத்தேன், தலையணை மாதிரி இல்லை, சூடாக, கனமாக, பவுடர் வாசத்தோடு, நெளிந்து நெளிந்து தனக்கு வாகாக இடம் செய்துகொண்டாள். இடது கையால் இரண்டு கையையும், வலது கையால் நெற்றியையும். ஆசாரி குனிந்தார். அவள் மீசையைத் தேடினாள், கை கிடைக்கவில்லை, வீல் என்று கத்தினாள், நானும் கத்தினேன் என்று மலர்விழி பிற்பாடு சொன்னாள், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரண்டு சொட்டு ரத்தம், இரண்டு தோடு, முடிந்தது. அழுகையோடு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் விம்மல் குறைந்து, அப்படியே மடியில் கண்ணயர ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ஜெயக்கொடி இரண்டு போனையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து என் காதருகில் குனிந்தார். "மச்சான், கோவிச்சுக்காதீங்க, ஒரு நிமிசம் வந்து நெட்ட சரி பண்ணிக் குடுங்களேன், எல்லாரும் இருளப்பனா மலர்விழியா எதத் தொடணும்னு கேக்குறாங்க, மஸ்கட்டுல அண்ணே வேற வையுறாரு." நான் மடியைப் பார்த்தேன். நிறைமதி என் மீசையை ஒரு கையால் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். "மடியில பிள்ள இருக்கு மாப்ளே" என்றேன். "இப்ப எந்திரிக்க முடியாது."